ஜெர்மனியின் பழைய வீட்டை ஜன்னலிலிருந்து படிப்பது எப்படி?

ஜெர்மனிக்குப் போய்வந்தவர்களின் கைபேசியில் ஒரு வீட்டுப் படம் கட்டாயம் இருக்கும். வெள்ளைச் சுவர், அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரம், ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி. எந்த ஊர் என்று கேட்டால், "அங்கே எல்லா ஊரும் இப்படித்தானே" என்பார்கள். அப்படியில்லை. வடகடல் தீவில் ஒரு மாதிரி, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வேறு மாதிரி, நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி.

எனக்கும் வெகுநாள் அந்த மரச்சட்டம்தான் கண்ணில் பட்டது. ஜன்னலைப் பார்க்கப் பழகிய பிறகுதான் வீடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஜன்னல் என்பது சுவரில் போட்ட ஓட்டை. ஓட்டை போட்டால் வெளிச்சம் வரும், கூடவே மழை வரும், குளிர் வரும், சுவரின் பலமும் குறையும். இந்தத் தொல்லைகளை ஒவ்வொரு வட்டாரமும் எப்படிச் சமாளித்தது என்பதைத்தான் முகப்பு காட்டுகிறது. அழகு அப்புறம் வந்து சேர்ந்தது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஜன்னலில் தொடங்கி வெளியே நகர்கிறது.

படி 1: எதிர்ச்சாரிக்குப் போய் மேற்கைக் கண்டுபிடியுங்கள்

வாசலில் போய் நிற்காதீர்கள். தெருவின் எதிர்ச்சாரியில் நின்று, கூரை முழுதாகத் தெரியும்வரை பின்வாங்குங்கள். பிறகு மேற்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜெர்மனியின் பெரும்பகுதிக்கு மழைக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகிறது. சாரல் அடிக்கும் அந்தப் பக்கத்துக்கு 'வெட்டர்ஸைட்டே' என்று தனிப்பெயரே உண்டு. முடிந்தால் வீட்டைச் சுற்றி நடந்து, சாரல் பக்கச் சுவரையும் மற்ற சுவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில் ஒரு பக்கம் மரச்சட்டம் திறந்து கிடக்கும். மறுபக்கம் முழுக்கப் பலகையோ, மரச்சில்லோ, கற்பலகையோ போர்த்தியிருக்கும். பணம் தீர்ந்து பாதியில் நிறுத்தியதாக நினைக்க வேண்டாம். மழை எங்கே அடித்ததோ அங்கே மட்டும் செலவு செய்திருக்கிறார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் கொலோனுக்குக் கிழக்கே உள்ள பெர்கிஷஸ் லாண்ட். வூப்பர்டால், ஸோலிங்கன், ரெம்ஷைட் ஊர்கள் இருக்கும் மேட்டுநிலம் இது. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே பழைய வீடுகளுக்கு மூன்றே நிறம்: சுவரில் கருஞ்சாம்பல் கற்பலகை, ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை, ஜன்னலின் வெளிப்பலகைக் கதவுக்குப் பச்சை. ஸ்லேட் என்று நாம் பள்ளியில் எழுதினோமே, அதே கல்தான். மெல்லிய சில்லுகளாக உடைத்து, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பலகையில் ஆணியடித்திருப்பார்கள். அடியில் மரச்சட்டமும் மண்சுவரும் ஈரம்படாமல் இருக்கும். கறுத்த சுவரில் வெள்ளைச் சட்டம் பளிச்சென்று எழும்புவதால், மழை நாளில்கூட இந்த வீடுகள் களையாகத்தான் இருக்கும். ரெம்ஷைட்டின் ஒரு பகுதியான லெனெப்பில் இப்படியொரு கற்பலகை வீட்டில்தான் எக்ஸ்ரே கண்டுபிடித்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1845ல் பிறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சுவரைத் துளைத்துப் பார்க்கும் ஆசை, அந்த வீட்டின் முன் நின்றால் யாருக்கும் வரும்.

படி 2: ஜன்னலின் நிழலைப் பாருங்கள்

ஜன்னல் சுவரின் வெளிமட்டத்தில் இருக்கிறதா, உள்ளே தள்ளி இருக்கிறதா? தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் நிழல் சொல்லிவிடும். கண்ணாடிமேல் தடித்த நிழல் விழுந்தால் சுவர் கனமானது: கல் அல்லது செங்கல். நிழலே இல்லாமல் ஜன்னல் சுவரோடு ஒட்டி நின்றால், அது பெரும்பாலும் மரச்சட்ட வீடு. ஜெர்மனில் 'ஃபாக்வெர்க்'. அதன் சுவர் ஒரு மரத்தூணின் கனமே இருக்கும். சட்டத்தை அந்தத் தூணோடு வெளிமட்டத்தில் வைத்துவிடுவார்கள்.

இந்த ஒரு சோதனை போதும், காரை பூசி மறைத்த வீட்டையும் கண்டுபிடித்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டிலிருந்து பல ஊர்களில் மரம் என்றால் ஏழ்மை, தீப்பிடிக்கும் என்ற எண்ணம் வந்து, மரச்சட்டத்தின்மேல் காரை பூசிக் கல்வீடு போலக் காட்டினார்கள். ஜன்னல் வெளிமட்டத்தில் இருக்கிறது, மேல்மாடி கீழ்மாடியைவிட ஒரு சாண் முன்னே துருத்துகிறது, காரையில் விரிசல் கட்டம் கட்டமாக ஓடுகிறது. இவை மூன்றும் சேர்ந்தால் உள்ளே மரம் இருக்கிறது.

சுவரைவிட்டு வெளியே வந்து நிற்கும் ஜன்னல் கூண்டு இருந்தால் அதன் காலைப் பாருங்கள். தரையில் ஊன்றாமல் மாடியில் தொங்கினால் 'எர்க்கர்'. தரையிலிருந்தே எழும்பினால் 'உட்லுக்ட்', வடக்கத்திய வணிக ஊர்களின் அடையாளம். ஹாமெலன் ஊரில், எலிகளைக் குழலூதி அழைத்துப்போனவன் பெயரால் வழங்கும் 17ஆம் நூற்றாண்டுக் கல்வீட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தபடி தெருவின் இரு முனையையும் பார்க்கலாம். நம் ஊர்த் திண்ணை செய்த வேலை, குளிர் இல்லாமல்.

படி 3: கீல் எந்தப் பக்கம்?

ஜன்னலின் கீல் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. நீங்கள் அநேகமாக வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். புயல் காற்று வெளியிலிருந்து தள்ளும்போது, வெளியே திறக்கும் கதவு சட்டத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே திறக்கும் கதவாக இருந்தால் அதே காற்று தாழ்ப்பாளைப் பிடுங்கப் பார்க்கும். அதாவது காற்றையே தாழ்ப்பாளாக்கிக்கொண்டார்கள். எனக்கு இந்த நாட்டுக் கட்டடக்கலையில் மிகப் பிடித்த சங்கதி இதுதான்.

தெற்கே போகப்போக ஜன்னல் உள்ளே திறக்கும். அதனால் வெளியே கெட்டிப் பலகைக் கதவு மாட்ட இடம் கிடைக்கிறது. அதைப் பற்றி ஐந்தாம் படியில்.

படி 4: கண்ணாடியை எண்ணுங்கள்

ஒரு ஜன்னலில் எத்தனை கண்ணாடித் துண்டு? கேள்வி சின்னது, ஆனால் வீட்டின் வயதுக்கு இதைவிட நல்ல தடயம் குறைவு.

கண்ணாடி விலை கூடிய காலத்தில் பெரிய துண்டு செய்யவும் தெரியாது, வாங்கவும் முடியாது. காட்டுக்குள் உலை வைத்து, மணலோடு பீச் மரச் சாம்பலைச் சேர்த்து உருக்கினார்கள். மணலில் இருந்த இரும்பால் கண்ணாடி பச்சை பாய்ந்து வந்தது. அதற்குப் பெயரே 'வால்ட்கிளாஸ்', காட்டுக் கண்ணாடி. அதைச் சுழற்றி, நடுவில் கொப்புள் போலத் தடித்த சிறு வட்டங்களாக்கி, ஈயப் பட்டியில் கோத்து ஜன்னல் செய்தார்கள். இவை 'புட்ஸன்ஷைபன்'. இன்று மதுக்கடை ஜன்னல்களில் மஞ்சளும் பச்சையுமாக நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ பழமை ஆசையில் வைத்தவை.

அடுத்து வந்தது மரக்குறுக்குச் சட்டங்களால் பிரித்த ஜன்னல், 'ஷ்ப்ராஸன்ஃபென்ஸ்டர்'. ஷ்ப்ராஸே என்றால் ஏணிப்படி. நடுவில் சிலுவை போல அசையாத சட்டம், நான்கு மூலையிலும் நான்கு சிறு கதவு என்றிருந்தால் 'க்ராய்ட்ஸ்ஷ்டாக்', பழைய முறை. கீழே உயரமான இரண்டு கதவு, மேலே ஒரே குறுக்குக் கண்ணாடி, மொத்தத்தில் ஆங்கில டி எழுத்து போல இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி. இதற்கு அவர்கள் வைத்த பெயர் தூக்குமர ஜன்னல். வீட்டுக்காரருக்கு எப்படித் தூக்கம் வந்ததோ.

இப்போது கொஞ்சம் கிட்டே போய், கண்ணாடியில் எதிர்வீட்டுக் கூரை பிரதிபலிப்பதைப் பாருங்கள். கூரைக் கோடு நெளிந்து, நீங்கள் தலையை அசைக்கும்போது அதுவும் நீந்தினால், வாயால் ஊதிச் செய்த பழைய கண்ணாடி. ஆடாமல் நேராக நின்றால் புதுசு. இன்னொரு வேடிக்கை: இன்றைய இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அலுமினியப் பட்டையைச் செருகி, குறுக்குச் சட்டம் இருப்பதாக நடிக்கும் ஜன்னல்கள். பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் இதை 'ஆஸ்பிக்ஷ்ப்ராஸன்' என்று கேலி செய்வார்கள். ஜெல்லியில் உறைந்த சட்டம் என்று அர்த்தம். நிஜச் சட்டம் கண்ணாடிக்கு வெளியே நின்று சிறு நிழல் போடும், இது போடாது. ஒருமுறை தெரிந்துவிட்டால், தெரு முழுக்க இதுதான் கண்ணில் படும்.

குளிருக்கு என்ன செய்தார்கள்? ஒற்றைக் கண்ணாடியில் உட்பக்கம் பனிப்பூ பூக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் பரணிலிருந்து இன்னொரு ஜன்னலை இறக்கி வெளியே மாட்டுவார்கள், வசந்தத்தில் கழற்றுவார்கள். கையால் செய்த ஜன்னல் ஒன்றுபோல் ஒன்று இராது. அதனால் சட்டத்தின் ஓரத்தில் எண் செதுக்கி வைத்துக்கொள்வது உண்டு. பழைய சட்டங்களில் தேடிப் பாருங்கள். பிறகு இரண்டு ஜன்னலையும் ஒரே பெட்டியாகச் சேர்த்து நிரந்தரமாக வைத்தார்கள், அது 'காஸ்டன்ஃபென்ஸ்டர்'. இரண்டுக்கும் நடுவே அரைச் சாண் அளவு காற்று. ஓசையையும் குளிரையும் இது தடுக்கும் அழகைப் பார்த்துவிட்டு, பழையதைப் பிடுங்கி பிளாஸ்டிக் வைத்தவர்களுக்குப் பிற்பாடு வருத்தம் வந்ததுண்டு.

படி 5: வெளிக்கதவுகள்

'ஃபென்ஸ்டர்லாடன்' என்ற பலகைக் கதவு தெற்கிலும் மேற்கிலும் அதிகம். இதய வடிவத்தில் வெட்டிய ஓட்டை, காலையில் விடிந்ததா என்று படுக்கையிலிருந்தே தெரியத்தான். திறந்த கதவு காற்றில் அடிக்காமல் பிடிக்கும் சிறு இரும்புக் கொண்டியைத் தேடுங்கள். பல இடங்களில் அது மனிதத் தலை வடிவில் இருக்கும். கதவு மொத்தமாகச் சுவரில் திருகி, மூடவே முடியாதபடி இருந்தால் அது வெறும் ஒப்பனை. இரண்டு கதவையும் சேர்த்தால் ஜன்னலை மூடுமா என்று கண்ணால் அளந்தாலே தெரிந்துவிடும்.

படி 6: ஜன்னலைச் சுற்றி மரம் என்ன செய்கிறது?

இனிமேல்தான் மரச்சட்டம். முதலில் ஒரு விதி: சுவர் சாயாமல் இருக்கச் சாய்வுக்கட்டை வேண்டும், ஜன்னல் இருக்கும் கட்டத்தில் அதை வைக்க இடமில்லை. அதனால் பாரம் தாங்கும் நீளச் சாய்வுகள் ஜன்னல் இல்லாத மூலைகளுக்குப் போய்விடும். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் குட்டைக் கட்டத்துக்கு அப்படிப் பெரிய வேலை இல்லை. தச்சர் தன் கைத்திறனை அங்கேதான் காட்டுவார். எனவே பலத்தை மூலையில் பாருங்கள், அழகை ஜன்னலுக்கு அடியில் பாருங்கள்.

வடக்கே, ஹார்ட்ஸ் மலையைச் சுற்றிய ஊர்களில், தூண்கள் நெருக்கமாக ஒரே தாளத்தில் நிற்கும். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட முன்னே தள்ளி, செதுக்கிய தாங்குகட்டைகள்மேல் உட்காரும். ஜன்னலுக்கு அடியில் விசிறி விரித்தது போல அரைவட்டப் பூ செதுக்கியிருந்தால் அது 16ஆம் நூற்றாண்டுக் கைவேலை. க்வெட்லின்பர்க் ஊரில் இப்படி 2000க்கு மேல் மரச்சட்ட வீடுகள் இருக்கின்றன. 1994ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸெல்லே ஊரின் ஹாப்பனர் வீடு 1532ல் கட்டியது. அதன் உத்திரங்களில் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

நடுவில், ஹெஸ்ஸனும் ஃபிராங்கோனியாவும். இங்கேதான் மரம் ஆடுகிறது. ஒரு தூணுக்கு இருபுறமும் கீழே நீளமாய் இரண்டு சாய்வு, மேலே குட்டையாய் இரண்டு. கைகால் விரித்து நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். பெயரும் 'மான்'. நம் மான் இல்லை, ஜெர்மனில் ஆள். ஜன்னலுக்கு அடியில் பெருக்கல் குறி போல இரண்டு கட்டைகள் வெட்டினால் புனித அந்திரேயா சிலுவை. அது வளைந்து, பூவாகி, வைரக்கட்டமாகிப் பெருகும். ஜன்னல் கூட்டமே சட்டத்தோடு கொஞ்சம் முன்னே பிதுங்கி, செதுக்கிய சட்டம் பூண்டு நிற்பதும் இந்த வட்டாரப் பழக்கம். மிக்கெல்ஷ்டாட் நகரமன்றம் (1484), ரைன் கரையில் பாகராக்கின் 'ஆல்டஸ் ஹவுஸ்' (1368) இரண்டையும் பார்த்தால் இந்த மரபு எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்பது பிடிபடும்.

தென்மேற்கே, அலெமானிய வகை. தூண்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. ஜன்னல்கள் தனித்தனியாக இல்லாமல் கூட்டமாக ஒரே வரிசையில். சாய்வுக்கட்டை தூணின் முகத்தில் படிந்து, கொஞ்சம் மேலேறிப் பொருந்தியிருக்கும். கூர்ந்து பார்த்தால் மூட்டு வெளியிலேயே தெரியும். ஃபிராங்கோனிய வகையில் மூட்டு மரத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். எஸ்லிங்கனில் 14ஆம் நூற்றாண்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன.

மரம் கம்மியாக, நேர்நேராக, ஆட்டமில்லாமல் இருந்தால் தச்சர் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். ஸீகர்லாண்டில் இரும்பு உருக்க மரக்கரி வேண்டியிருந்ததால், 18ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு மரம் போடுவதில் கெடுபிடி செய்தார்கள். 1666 தீவிபத்துக்குப் பிறகு மறுபடி கட்டிய ஃப்ராய்டன்பெர்க் ஊரின் கறுப்பு வெள்ளை வீட்டு வரிசைகளில் அந்தச் சிக்கனத்தின் அழகைக் காணலாம்.

படி 7: கட்டத்துக்குள் என்ன?

பெரும்பாலும் வரிச்சும் மண்ணும்தான். கட்டத்துக்குள் குச்சிகளை நட்டு, வளாரைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, சுண்ணாம்பு பூசுவது. சுவருக்கான ஜெர்மன் சொல் 'வாண்ட்', பின்னுவதைக் குறிக்கும் 'விண்டன்' என்ற சொல்லோடு உறவுள்ளது. வடக்கே களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கி வைத்தார்கள். ஹாம்பர்க் பக்கத்து ஆப்பிள் தோட்டப் பகுதியான ஆல்டஸ் லாண்டில், வெள்ளை அடித்த மரக்கட்டங்களுக்குள் செங்கல்லைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கோலம் போட்டிருப்பார்கள்: காற்றாலை, துடைப்பம். அந்தத் துடைப்பத்துக்கு 'இடித் துடைப்பம்' என்று பெயர். இடி வீட்டைத் தொடாது என்ற நம்பிக்கை. அதே முகப்பில் வெளியே பிடியில்லாத ஒரு கதவு இருக்கலாம். மணப்பெண் கதவு. உள்ளிருந்து மட்டும் திறக்கும்; கல்யாணத்துக்கும் சாவுக்கும் திறப்பார்கள், தீப்பிடித்தால் சீர்ப்பெட்டியை அந்த வழியாக வெளியே எடுப்பார்கள்.

படி 8: மரச்சட்டமே தெரியாத வட்டாரங்கள்

மேல் பவேரியாவில் ஜன்னலைச் சுற்றிக் கல் அலங்காரம் தெரிந்தால், அதன் நிழல் சூரியனோடு நகர்கிறதா என்று கவனியுங்கள். நகராவிட்டால் வரைந்தது. ஈரக் காரையில் தீட்டும் இந்த ஓவியத்துக்கு 'லூஃப்டில்மாலரை' என்று பெயர். ஓபராம்மர்காவில் ஃபிரான்ஸ் ஸெராஃப் ட்ஸ்விங்க் (1748–1792) தீட்டிய பிலாத்து வீட்டில், இல்லாத படிக்கட்டில் ஏறத் தோன்றும். அங்கே பால்கனியில் வழியும் சிவப்பு ஜெரேனியம்? தென்னாப்பிரிக்கச் செடி.

கிழக்கே ஓபர்லாவ்ஸிட்ஸில் கீழ்த்தளம் கட்டைகளை அடுக்கிய அறை; அதைத் தொடாமல் வெளியே வளைவுத் தூண்கள் நின்று மாடியைச் சுமக்கும். 'உம்கெபிண்டே' வீடு. வளைவுக்குள் அடங்கிய சிறு ஜன்னல்களுக்குப் பின்னால் தறி ஓடியது. இந்தப் பக்கத்து க்ரோஸ்ஷோனாவ் 1666லிருந்தே டமாஸ்க் என்ற பூவேலைத் துணி நெய்த ஊர்.

வடகடலின் ஸில்ட், ஃபோர் தீவுகளில் நாணல் கூரை. வாசலுக்கு நேர் மேலே மட்டும் ஒரு கூர்முக்கோணம் எழும்பியிருக்கும். கூரை தீப்பிடித்துச் சரியும்போது எரியும் நாணல் வாசலை அடைக்காமல் இரண்டு பக்கமும் விழும்; நடுவில் மனிதர் ஓடிவந்துவிடலாம்.

படி 9: வாசல்மேல் எழுத்தைப் படியுங்கள்

வாசல் உத்திரத்தில் ஆண்டு, கணவன் மனைவி பெயர், ஒரு வேதவாக்கியம். 'எல்லாம் இறைவன் ஆசியில்' என்ற பொருளில் வரும் வரி வடக்கிலும் தெற்கிலும் அடிக்கடி கண்ணில் படும். சாக்கட்டியில் ஆண்டும் நடுவில் சி, எம், பி எழுத்தும் இருந்தால் பழசு இல்லை. ஜனவரி 6 மூவரசர் திருநாளையொட்டிப் பிள்ளைகள் வந்து பாடி எழுதிப்போனது. மரமூட்டுகளுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண் போன்ற கோடுகளையும் தேடுங்கள். சட்டம் முழுவதையும் தச்சர்கள் முதலில் தரையில் கோத்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, மனையில் நிறுத்தினார்கள். எண் தொடர்ச்சி அறுந்தால் நடுவில் மரம் மாற்றியிருக்கிறார்கள்.

படி 10: ஏமாறாதீர்கள்

ஹில்டஸ்ஹைமின் இறைச்சிக்காரர் சங்க மாளிகை 1529ல் கட்டியது, 1945ல் எரிந்தது, இப்போது நிற்பது 1987–89ல் எழுப்பியது. ஃபிராங்க்ஃபர்ட் ரோமர்பெர்க் சதுக்கத்தின் கிழக்கு வரிசையும் 1980களில் கட்டியதுதான். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண் பழகட்டும்: பழைய மரம் ஒவ்வொன்றும் ஒரு கனம், ஓரம் நேராக இராது, பயன்படாத பழைய துளைகள் இருக்கும். கறுப்பு வெள்ளைதான் ஆதிநிறம் என்றும் நம்ப வேண்டாம். பல வீடுகளில் அடியில் சிவப்பு, காவி, சாம்பல் பூச்சு கிடைத்திருக்கிறது.

பழகுவதற்குச் சுலபமான வழி, வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகங்கள்: குட்டாக்கில் 1612ஆம் ஆண்டுப் பண்ணைவீட்டைச் சுற்றி அமைந்த ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப், ஹெஸ்ஸன்பார்க், க்ளோப்பன்பர்க். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு 'டாக் டெஸ் ஆஃபனன் டெங்க்மால்ஸ்' நாளில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல பழைய வீடுகளையும் திறந்து காட்டுவார்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வருகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் ஸோஸ்டுக்கு ஒரு நடை போகலாம். பச்சைக் கல் தேவாலயங்களுக்கு நடுவே மரச்சட்ட வீடுகள். பொதுத்தெருவில் நின்று முகப்பைப் படம் எடுக்கத் தடையில்லை, ஏணி போட்டு ஏறக்கூடாது, ஜன்னலுக்குள் கேமராவைத் திருப்பக்கூடாது. வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் செதுக்கல் நன்றாகத் தெரியும். தூறும் நாளாக இருந்தால் குடையோடு போங்கள்: எந்தச் சுவர் முதலில் நனைகிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.